"சேவைக்குத் தொடர்பில்லை" என்று திரும்பிய டிசெபிலிட்டி பென்ஷன்: அப்பீலில் எதைத் தாக்க வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் இது: 24 வருடம் ராணுவத்தில் இருந்து 2020 ஆகஸ்டில் ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். ஓய்வின்போது உடல்நிலையை மதிப்பிடும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு ரத்தக் கொதிப்பை ஆயுளுக்கும் 30 சதவீதம் என்று மதிப்பிட்டது. ஆனால் அது சேவையால் வந்ததும் இல்லை, சேவையால் மோசமானதும் இல்லை என்று எழுதிவிட்டது. 2021இல் படைப்பிரிவின் ஆவணங்களைப் பராமரிக்கும் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து நிராகரிப்புக் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் அப்பீல் போடலாம் என்று அதிலேயே இருந்தும் போடவில்லை. இனி வழி உண்டா, உண்டென்றால் என்ன எழுதுவது?

வழி உண்டு. காலம் கடந்ததால் பணத்தில் ஒரு பகுதி போகும், உரிமை போகாது. ஆனால் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான அப்பீல்கள் தோற்பது நோய் பொய் என்பதால் அல்ல; நோய் இருப்பதை போர்டே ஒப்புக்கொண்டு சதவீதமும் போட்டுக் கொடுத்திருக்கிறது. "நாட்டுக்காக உழைத்தேன், குடும்பம் கஷ்டப்படுகிறது" என்று நான்கு பக்கம் எழுதிவிட்டு, போர்டு எழுதிய அந்த ஒற்றை வரிக் காரணத்தைத் தொடாமலே விட்டுவிடுவதால்தான் தோற்கின்றன. உங்கள் எதிராளி அந்த வரிதான். அப்பீலில் எழுதும் ஒவ்வொரு பத்தியும் அதை நோக்கியே போக வேண்டும்.

முதல் வேலை காகிதங்களைக் கையில் வாங்குவது. நிராகரிப்புக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அப்பீல் எழுதாதீர்கள்; அதில் காரணம் முழுமையாக இருக்காது. போர்டின் முழு நடவடிக்கை ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 படிவத்தில் இருக்கிறது. எல்லாப் பக்கங்களும் வேண்டும். அதோடு சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-2, லோ மெடிக்கல் கேட்டகிரியில் (குறைந்த உடல்தகுதிப் பிரிவில்) போட்டபோதும் பிறகு ஒவ்வொரு மறுபரிசீலனையிலும் நிரப்பிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-15கள், ராணுவ மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கங்கள், ரெக்கார்ட் ஆபீஸ் உங்கள் கிளைமைத் தீர்மானித்தபோது எழுதிய உள்குறிப்பு, தேதிவாரியான போஸ்டிங் பட்டியல். இவற்றைக் கேட்டு ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒரு கடிதம் போடலாம். பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவில் "என் மருத்துவ ஆவணங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு பக்கம் அனுப்பி முடித்துவிடுவார்கள். படிவ எண், போர்டு நடந்த மருத்துவமனை, மாதம், வருடம் போட்டுத் தனித்தனி வரியாகக் கேளுங்கள்.

மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. (எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் என்ஜினியர்கள் பிரிவு) என்றால் செகந்திராபாத். அவரவர் ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் மனு போக வேண்டும். பென்ஷன் வருவது ஸ்பார்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் தளம் வழியாக, பிரயாக்ராஜ் பென்ஷன் கணக்கு அலுவலகத்திலிருந்து என்பதால் அங்கே மனுப் போட்டு மாதங்களை வீணாக்குபவர்கள் அதிகம். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் இன்னும் வேகமாக நடக்க வேண்டும். அவர்களின் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடும் நடைமுறை இருக்கிறது.

ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 கைக்கு வந்ததும் போர்டின் கருத்து எழுதப்பட்ட பகுதிக்கு நேராகப் போங்கள். அங்கே சில கேள்விகள் இருக்கும். இந்த நோய் சேவையில் சேருமுன் இருந்ததா? அவருடைய அலட்சியத்தாலோ தவறான நடத்தையாலோ வந்ததா? சிகிச்சையை மறுத்தாரா? பெரும்பாலும் மூன்றுக்கும் "இல்லை" என்றுதான் பதில் இருக்கும். இந்த மூன்று "இல்லை"களும் உங்கள் பக்கச் சாட்சி. சேரும்போது ஷேப்-1 (முழு உடல்தகுதி), முன்பு நோய் இல்லை, தவறும் இல்லை, சிகிச்சையும் ஒழுங்காக எடுத்தார் என்று போர்டே சொன்னபிறகு, நோய் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது காரணம் காட்டியாக வேண்டும். அந்தக் காரணக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை ஒரு சொல் மாற்றாமல் அப்பீலில் எடுத்தெழுதுங்கள்.

ரத்தக் கொதிப்பு வழக்குகளில் அந்தக் கட்டத்தில் வழக்கமாக இருப்பது இதுதான்: நோய் தொடங்கியது பீஸ் ஸ்டேஷனில் (அமைதிப் பகுதி முகாமில்), ஃபீல்ட் (களப் பகுதி), ஹை ஆல்டிடியூட் (உயரமான மலைப் பகுதி), தீவிரவாத எதிர்ப்புப் பகுதிச் சேவையோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை, ஆகவே மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி 2008, ஆறாம் அத்தியாயம், 43ஆம் பத்தியின்படி தொடர்பில்லை. ஆயிரக்கணக்கான படிவங்களில் ஏறக்குறைய இதே வார்த்தைகள். ஒரே வரி எல்லோருக்கும் பொருந்துகிறது என்றால், யாருடைய கேஸையும் தனியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இந்த வாதத்தையும் வையுங்கள், ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள்.

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். சேவையால் வந்த நோய் என்பது ஒன்று, சேவையால் மோசமான நோய் என்பது வேறொன்று. இரண்டில் எது நிரூபணமானாலும் பென்ஷன் தொகை ஒன்றுதான். ஆனால் 43ஆம் பத்தி ரத்தக் கொதிப்பைப் பொறுத்தவரை முதல் கதவை அநேகமாக அடைத்தேவிடுகிறது. இரண்டாவது கதவைத் திறந்து வைக்கிறது: சேவையில் தோன்றியதாகவோ மோசமானதாகவோ தெரிந்தால், சேவையின் நெருக்கடி அதை மோசமாக்கியதா என்று ஒவ்வொரு கேஸையும் தனியாக, சேரும்போது இருந்த உடல்நிலை, மன அழுத்தத்தின் அளவு, அது நீடித்த காலம் ஆகியவற்றோடு பார்க்கச் சொல்கிறது. நீண்ட ஃபீல்ட் சேவைக்குப் பிறகு நோய் தெரியவருவதையும் அந்தப் பத்தியே பேசுகிறது. ஆகவே ரத்தக் கொதிப்பு, டைப்-2 சர்க்கரை இரண்டுக்கும் அப்பீலின் முதன்மைக் கோரிக்கை "சேவையால் மோசமானது" என்பதாக இருக்கட்டும். "சேவையால் வந்தது" என்பதை மாற்றுக் கோரிக்கையாகப் பின்னால் வையுங்கள். "சேவையால் வந்தது" என்பதை மட்டும் கேட்டு, அதற்கு மட்டும் "இல்லை" என்று பதில் வாங்கிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர்.

அப்பீலின் உயிர் போஸ்டிங் பட்டியலில் இருக்கிறது. நான்கு நெடுவரிசை அட்டவணையாகப் போடுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த யூனிட், எந்த இடம், பீஸா ஃபீல்டா. ஃபீல்ட் என்றால் ஹை ஆல்டிடியூடா, தீவிரவாத எதிர்ப்பா என்பதையும் குறிப்பிடுங்கள். கீழே மொத்த வருடம், அதில் ஃபீல்ட் எத்தனை வருடம் எத்தனை மாதம் என்று கூட்டுங்கள். அதற்குப் பக்கத்தில் நோயின் வரலாறு: எந்த வருடாந்திரப் பரிசோதனை வரை ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, எப்போது முதலில் அதிகமாகப் பதிவானது, எந்தத் தேதியில் பி-2 கேட்டகிரி (உடல்தகுதி குறைந்த நிலை), அதன்பின் எங்கெல்லாம் அனுப்பினார்கள். போர்டு "தொடங்கிய தேதி" என்று எழுதுவது கண்டுபிடித்த தேதியைத்தான். பெரும்பாலும் அது பீஸ் ஸ்டேஷனுக்கு மாறி வந்து வருடாந்திரப் பரிசோதனை நடந்த நாளாக இருக்கும். ரத்தக் கொதிப்பு சத்தமில்லாமல் வளரும் நோய். ஃபீல்டிலிருந்து இறங்கிய சில மாதங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், அது பீஸில் தொடங்கியது என்பதற்கு ஆதாரமே இல்லை. கண்டுபிடித்தபிறகும் லோ மெடிக்கல் கேட்டகிரியோடு ஃபீல்டுக்கு அனுப்பியிருந்தால் இன்னும் வலு. மருந்தின் அளவு கூடியது, இரண்டாவது மாத்திரை சேர்ந்தது, தற்காலிகக் கேட்டகிரி நிரந்தரமானது ஆகிய மூன்றும் நோய் மோசமானதற்கான எழுத்து ஆதாரம். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-15களை வரிசையாக அடுக்கினால் இது தானாகத் தெரியும்.

"பீஸ் ஸ்டேஷன்" என்ற காரணத்துக்கு இன்னொரு நேரான பதிலும் இருக்கிறது. 1983ஆம் ஆண்டு ஆயுதப்படை மருத்துவச் சேவை ஒழுங்குமுறைகளின் 423ஆம் விதி, நோய்க்கான காரணம் ஃபீல்டில் ஏற்பட்டதா, சாதாரண அமைதிச் சூழலில் ஏற்பட்டதா என்பது பொருட்டல்ல என்கிறது. சேவை நிலைமைகளோடு காரணத் தொடர்பு இருந்ததா என்பதே கேள்வி. பீஸ் என்பதே ஒரு காரணமாகாது. தொடர்பு ஏன் இல்லை என்பதைச் சொன்னால்தான் காரணம். காவல் டியூட்டி, பயிற்சி, குடும்பத்தைப் பிரிந்திருந்த காலம், கோர்ஸ்கள், ஆள் குறைவான யூனிட்டில் செய்த இரட்டை வேலை எல்லாம் பீஸிலும் நடப்பவைதான். உங்களுக்கு எவை பொருந்துமோ அவற்றைத் தேதியோடு எழுதுங்கள்.

"உடல்வாகு சார்ந்தது", "பரம்பரை", "வாழ்க்கைமுறை நோய்" என்று எழுதியிருந்தால், பெற்றோருக்கு அந்த நோய் இருந்ததாகப் படிவத்தில் எங்காவது பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் "பரம்பரை என்பதற்கு ஆவணத்தில் எந்த அடிப்படையும் இல்லை" என்று ஒரு வரி போதும். உடல் எடை அதிகம் என்று காரணம் சொல்லியிருந்தால் கவனம். படிவத்தில் உங்கள் எடையும், உயரத்துக்கும் வயதுக்கும் உரிய எடையும் இருக்கும். பத்து சதவீதத்துக்கு உள்ளேயே இருந்தால் அதைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். உண்மையிலேயே அதிகம் என்றால் மறைக்காதீர்கள். நோய் கண்டுபிடித்த வருடத்தில் எடை எவ்வளவு, ஓய்வுபெற்ற வருடத்தில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். பல கேஸ்களில் எடை கூடியது மருந்தும் ஓட்டத் தடையும் வந்த பிறகுதான்.

எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்பது வெளியே வந்த தேதியைப் பொறுத்தது. 2008க்கு முன் வெளியே வந்தவர்களுக்கு 1982ஆம் ஆண்டு உரிமை விதிகள். அதில் சேரும்போது பதிவில் நோய்க் குறிப்பு இல்லையென்றால், சேவையில் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்ற அனுமானம் வெளிப்படையாக இருந்தது. 2008 ஜனவரி முதல் 2008 விதிகள். 2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறியவர்களுக்கு 2023 விதிகள். அதில் பணிக்காலம் முடித்து வருபவர்களுக்கான தொகைக்குப் பெயரே மாறி "இம்பேர்மெண்ட் ரிலீஃப்" ஆகிவிட்டது. நீங்கள் 2020இல் வந்ததால் 2008 விதிகள். நண்பரின் பழைய அப்பீலைப் பெயர் மட்டும் மாற்றிப் போட்டால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். 1982 விதிகளை மேற்கோள் காட்டினால், "மனுதாரருக்கு அது பொருந்தாது" என்று அரசு வக்கீல் ஒரே வரியில் முடிப்பார்.

2008 விதிகளின் 5ஆம் விதி, சேரும்போது நடக்கும் பரிசோதனை மேலோட்டமானது, உறங்கும் நோய்கள் தெரியாமல் போகலாம் என்று அரசுக்குச் சாதகமாகப் பேசுகிறது. ஆனால் 7ஆம் விதி இன்னமும், பொதுவாகக் கோருபவர் நிரூபிக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறது; வெளியேறி 15 வருடத்துக்குப் பிறகு கோரினால்தான் சுமை உங்கள் தலையில். 11ஆம் விதி, கடும் காலநிலை, ஃபீல்ட், ஆபரேஷன், ஹை ஆல்டிடியூட் போன்ற சேவை நிலைமைகள் நோயைச் சீக்கிரம் வரவழைத்தாலோ அதன் போக்கை மோசமாக்கினாலோ, சேவையால் மோசமானதாக ஏற்க வேண்டும் என்கிறது. உங்கள் போஸ்டிங் பட்டியலை இந்த 11ஆம் விதியோடு கட்ட வேண்டும்.

தீர்ப்புகளில் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் தரம்வீர் சிங் தீர்ப்பு (2013) அடித்தளம்: சேரும்போது குறிப்பு இல்லையென்றால் ஆரோக்கியமாகச் சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் சுமை அரசுக்கு, போர்டு காரணம் எழுதியே ஆக வேண்டும். அது வலிப்பு நோய் வழக்கு. ராஜ்பீர் சிங் (2015) அதையே பல நோய்களுக்கு விரித்தது. இரண்டும் 1982 விதிகளின் கீழ் எழுந்தவை. 2008 விதிகளுக்கு வருபவர்கள் அவற்றிலிருந்து "போர்டு காரணம் காட்ட வேண்டும்" என்ற பகுதியைப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு. அந்தக் கடமை எந்த விதியிலும் மாறவில்லை. எதிர்ப்பக்கத் தீர்ப்பும் தெரிந்திருக்க வேண்டும். 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனச்சிதைவு போன்ற நோய் சேர்க்கைப் பரிசோதனையில் தெரிய வாய்ப்பில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் பென்ஷனை மறுத்தது. மனநோய்க் கேஸில் தரம்வீரை மட்டும் நம்பிப் போனால் இது எதிரே வந்து நிற்கும்.

மற்ற நோய்க்காரர்களுக்கும் சில குறிப்புகள். இதய அடைப்பு என்றால் நோய் தாக்குவதற்கு முந்தைய 14 நாட்கள் என்ன வேலை செய்தார் என்று யூனிட் கொடுத்த பட்டியல்தான் கேஸையே தீர்மானிக்கும். அது ஆவணத்தில் இல்லையென்றால், போர்டு அதைக் கேட்காமலே முடிவெடுத்தது என்பதே முதல் வாதம். மனநோய்க்கு கமாண்டிங் ஆபீசர் நிரப்பும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10. அதில் நோய்க்கு முன் நடத்தை நன்றாக இருந்தது என்ற வரி பெரும் துணை. காது கேளாமைக்கு சேர்ந்தபோதிருந்த நிலையும் பின்னாளைய ஆடியோகிராமும், பீரங்கி, டேங்க், எஞ்சின் அறை என்று எத்தனை வருடம் என்பதும். காயம் என்றால் ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 காய அறிக்கையும் கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற ராணுவ விசாரணையின் அறிக்கையும். அதில் "டியூட்டியில்" என்று கமாண்டிங் ஆபீசர் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. லீவில் நடந்த விபத்துதான் கடினம். ராணுவச் செலவில் பயணம் செய்யும் உரிமையோடு யூனிட்டிலிருந்து வீட்டுக்கோ, வீட்டிலிருந்து யூனிட்டுக்கோ போகும் வழியில் என்றால் டியூட்டியாகக் கருதலாம். வீட்டுக்கு வந்தபின் சொந்த வேலையாகப் போனபோது பைக்கிலிருந்து விழுந்தால், சேவையோடு காரணத் தொடர்பைக் காட்டச் சொல்வார்கள். பெரும்பாலும் காட்ட முடியாது.

சதவீதக் கணக்குக்கு வருவோம். பணிக்காலம் முடித்து வருபவருக்கு 20 சதவீதம் குறைந்தபட்சம். அதற்குக் கீழே என்றால் ரவுண்டிங் ஆஃப் (சதவீதத்தை அடுத்த படிக்கு உயர்த்திக் கணக்கிடுவது) கிடையாது என்று எஸ்.பி. ரத்தோர் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 15 முதல் 19 சதவீதம் போட்டு அனுப்பும் போர்டுகள் உண்டு. அப்படி வந்தவர்கள் சதவீதத்தையே எதிர்த்து அப்பீல் மெடிக்கல் போர்டு கேட்க வேண்டும். பாதியில் இன்வாலிட் செய்து அனுப்பப்பட்டவருக்கு நிலைமை வேறு. ஒருவரை வேலைக்கு லாயக்கில்லை என்று வெளியே அனுப்பிவிட்டு 20க்கும் கீழே என்று சொல்ல முடியாது என்பது சுக்விந்தர் சிங் தீர்ப்பின் (2014) சாரம்.

உங்களுடையது 30. ஏற்கப்பட்டால் அது 50 ஆகும். 2001 ஜனவரி 31 தேதியிட்ட அரசுக் கடிதம் 50க்குக் கீழே உள்ளதை 50ஆகவும், 50 முதல் 75 வரை 75ஆகவும், 76 முதல் 100 வரை 100ஆகவும் உயர்த்துகிறது. அது முதலில் இன்வாலிட் ஆனவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2014 டிசம்பரில் ராம் அவதார் தீர்ப்பு பணிக்காலம் முடித்தவர்களுக்கும் பொருந்தும் என்றது. நூறு சதவீதத்துக்கு டிசெபிலிட்டி எலிமென்ட் (பென்ஷனில் ஊனத்துக்கான பகுதி) கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 39,200, மிலிட்டரி சர்வீஸ் பே 5,200, ஆக 44,400 என்று வையுங்கள். அதில் 30 சதவீதம் 13,320. அதில் பாதி 6,660 ரூபாய் மாதம், அதன் மேல் அகவிலைப்படி. இது சாதாரண சர்வீஸ் பென்ஷனுக்கு மேல் தனியாக வருவது. ரவுண்டிங் ஆஃப் கேட்காமல் விட்டால் 3,996தான் வரும். கோரிக்கைப் பகுதியில் இதைத் தனி வரியாகக் கேட்காதவர்கள், ஜெயித்தபின் இதற்கென்று இன்னொரு வழக்குப் போட வேண்டியதாகிறது.

இனி நடைமுறை. முதல் அப்பீல், முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு, ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக. நிராகரிப்பு கிடைத்து ஆறு மாதத்துக்குள். அதுவும் நிராகரிக்கப்பட்டால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழு. நீங்கள் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டதால் அப்பீலின் முதல் பத்தியிலேயே தாமதத்தை மன்னிக்கக் கோருங்கள். காரணத்தை நேராகச் சொல்லுங்கள்: போர்டு ஆவணம் கையில் இல்லை, எந்தத் தேதியில் கேட்டேன், எந்தத் தேதியில் கிடைத்தது. இதற்காகவும்தான் ஆர்.டி.ஐ. மனுவின் தேதி முக்கியம். அப்பீலின் உடல் மூன்று நான்கு பக்கத்தைத் தாண்டக்கூடாது. சேவை எண், ரேங்க், யூனிட், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) எண், நோயின் பெயர் படிவத்தில் உள்ளபடியே, நிராகரிப்புக் கடித எண்ணும் தேதியும்; பிறகு போஸ்டிங் அட்டவணை; பிறகு போர்டின் காரண வரியும் அதற்கான பதில்களும்; கடைசியில் கோரிக்கை. கோரிக்கையில் நான்கு இருக்கட்டும்: சேவையால் மோசமானது, மாற்றாக சேவையால் வந்தது என்று ஏற்பது, 30ஐ 50ஆக உயர்த்துவது, ஓய்வுபெற்ற மறுநாள் முதல் நிலுவை, வட்டி. டெலிவரி சான்றோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி அறிக்கையையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். ஆறு மாத மௌனத்தைக் கணக்கிட அந்தத் தேதி வேண்டும்.

"காலம் கடந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிட வேண்டாம். அந்தக் கடிதமே ஓர் உத்தரவு. அதை எதிர்த்து ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிலே வராவிட்டாலும் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அப்பீல் போட்டு ஆறு மாதம் ஆனபின் போக அனுமதிக்கிறது. அதன்பின் 22ஆம் பிரிவின்படி இன்னும் ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். தவறினால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு. ஓய்வுபெற்றவர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய அமர்விலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் தமிழ்நாட்டுக்காரர்கள் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, சென்னை அமர்வு இருக்கிறது. அப்பீலே போடாமல் நேரே தீர்ப்பாயம் போனால், "முதலில் அப்பீல் போடு" என்று திருப்பி அனுப்பப்படும் ஆபத்து உண்டு.

தாமதத்துக்கு விலை இதுதான். தர்சேம் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம், பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு, ஆகவே தாமதத்தால் உரிமை அழியாது என்றது. ஆனால் நிலுவையை மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. தீர்ப்பாயங்கள் பொதுவாக இதையே பின்பற்றுகின்றன. அப்படியானால் இன்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும், பின்பக்கத்திலிருந்து 6,660 ரூபாயும் அகவிலைப்படியும் கழிந்துகொண்டிருக்கிறது.

தீர்ப்பாயத்தில் தோற்றால் உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போவது கடினம்; பொது முக்கியத்துவமுள்ள சட்டக் கேள்வி இருந்தால்தான் அனுமதி. உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதை 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் தீர்ப்பு மீண்டும் உறுதிசெய்தது. அதே வழி அரசுக்கும் திறந்திருக்கிறது. ஆகவே தீர்ப்பாயத்தில் ஜெயித்தவுடன் பணம் வந்துவிடும் என்று கடன் வாங்கி வைக்காதீர்கள்.

வக்கீல் விஷயத்தில் ஒன்று. "ஜெயித்தால் நிலுவையில் முப்பது சதவீதம்" என்று பேரம் பேசுபவர்கள் இருக்கிறார்கள். வழக்கின் பலனில் பங்கு கேட்பதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. கட்டணத்தைத் தொகையாகப் பேசி ரசீது வாங்குங்கள். முதல் அப்பீலுக்கு வக்கீலே தேவையில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் தொடங்கிய வீர் பரிவார் சஹாயதா திட்டம், இந்தப் படைவீரர் நல அலுவலகங்கள் வழியாக இலவசச் சட்ட உதவி கொடுப்பதற்காகவே வந்தது. பென்ஷன் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டையோ ஸ்பார்ஷ் ஓ.டி.பி.யையோ எந்த ஏஜெண்டிடமும் கொடுக்க வேண்டாம்.

உத்தரவு கைக்கு வந்தபின் சான்றிட்ட நகலை ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பி, திருத்தப்பட்ட பி.பி.ஓ. கேளுங்கள். ஸ்பார்ஷில் அது வந்ததும் நான்கைச் சரிபார்க்க வேண்டும். சதவீதம் 30ஆ 50ஆ. தொடங்கும் தேதி உத்தரவில் உள்ளதுதானா. "ஆயுளுக்கும்" என்று இருக்கிறதா அல்லது ஏதாவது முடிவுத் தேதி போட்டிருக்கிறார்களா. நிலுவைக்கு அகவிலைப்படி சேர்ந்ததா. நிரந்தரமான நோய்க்கு இடைவெளி விட்டு மறுபரிசோதனை செய்யும் பழைய முறையை 2001 பிப்ரவரி 7 தேதியிட்ட கடிதம் நீக்கிவிட்டது. ஆகவே முடிவுத் தேதி தெரிந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். உத்தரவில் குறித்த கெடுவுக்குள் அமல்படுத்தாவிட்டால் அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்ற மனு போடலாம். அதற்குப் புதிய வாதம் எதுவும் தேவையில்லை; உத்தரவின் நகலும் அதை அனுப்பிய தேதிக்கான சான்றும் போதும்.